பன்னில் பெட்ரோல் வாசம்

முதலில் குறை சொல்லிக்கொண்டு வந்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. காலையில் வாங்கிப் போன பன்களைப் பையோடு திருப்பிக் கொண்டுவந்து பேக்கரி மேசைமேல் வைத்து, “இதுல என்னத்தைப் போட்டுப் பிசைஞ்சீங்க?” என்றார். பேக்கரிக்காரர் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார். இரண்டு கடி மென்றவர் மூன்றாவது கடிக்குப் போகவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையில் ஒட்டியிருந்த மாவைக்கூடத் துடைக்காமல் மேட்டுப்பக்கம் நடந்தார்.

அந்தத் தெரு ஒரே சரிவு. மேட்டில் பெட்ரோல் பங்க். அதன் சுவரை ஒட்டிக்கொண்டு இறக்கத்தில் பேக்கரி. பேக்கரிக்கு அடியில், மாவு மூட்டைகளை அடுக்கிவைக்க ஒரு கீழறை உண்டு. மழை பிடித்துக்கொண்டால் அதன் மூலையிலுள்ள குழியில் நீர் ஊறும். அந்த வருடம் வானம் மூடினது மூடினபடியே இருந்தது. சாக்கடைகள் திணறின, சுவர்கள் வியர்த்தன, துவைத்த துணி காயாமல் எல்லா வீட்டிலும் புளித்த வாசம். அதனால் கீழறையிலிருந்து வந்த வாசத்தையும் பேக்கரிக்காரர் முதலில் ஈரத்தின் தலையில்தான் போட்டிருந்தார்.

பங்க்கில் அப்போது டேங்கர் லாரி வந்து பெட்ரோல் இறக்கிக்கொண்டிருந்தது. பங்க்காரர், நாற்பதை எட்டிக்கொண்டிருந்தவர், குழாய் மாட்டிய இடத்தில் குனிந்து நின்றிருந்தார்.

“தம்பி, என் கடை பன்னு உன் பங்க் மாதிரி மணக்குது.”

“லாரி இறக்குறாங்க இல்ல, கொஞ்சம் வாசம் வரத்தான் செய்யும்ணே.”

“இத்தனை வருஷமா உன் பக்கத்துலயே குடித்தனம் பண்றேன். லாரி வாசம் எது, வேற வாசம் எதுன்னு எனக்குத் தெரியாதா? கீழ் ரூம்ல மூச்சு விட முடியல. வந்து பாரு.”

பங்க்காரர் போய்ப் பார்த்தார். கீழறைக்கு இறங்கும் படிக்கட்டின் கதவைத் திறந்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கதவை மூடினார். திரும்பி வந்து லாரிக்காரரை அனுப்பிவிட்டு, அலுவலக அறைக்குள் போய்த் தொலைபேசியை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா நகரத்தின் மறுகோடியிலிருந்த எண்ணெய் டெப்போவின் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். கப்பலிலிருந்தும் குழாயிலிருந்தும் வந்து சேரும் பெட்ரோல், டீசல் எல்லாம் அவள் கையெழுத்து விழாமல் வாசலைத் தாண்டாது. கலங்கலாக ஒரு புட்டி தெரிந்தால் போதும், மொத்த லாரியையும் திருப்பி அனுப்பிவிடுவாள். லாரி ஓட்டுநர்கள் அவள் முகத்துக்கு நேரே ‘மேடம்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘ரிஜெக்ட்டு’. அவள் பெட்ரோலிய வேதியியல் படிக்கப் போகிறேன் என்றபோது அவளுடைய அப்பா, “பெட்ரோலை எதுக்குடி படிக்கணும்? ஊத்தினாப் போதாதா?” என்று கேட்டார். அவள் படிக்கப் போனாள்; தம்பி ஊற்ற நின்றான். பிறகு இருவரும் அவரவர் வேலையில் கெட்டிக்காரர்களானார்கள். ஆனால் சந்திக்கும்போதெல்லாம் அக்காவுக்குத் தம்பி ஒரு லாரியாகத்தான் தெரிந்தான், பரிசோதிக்காமல் விடமாட்டாள்.

அன்று அவளுக்கு விடுமுறை. குடையை மடக்கக்கூட நேரமில்லாமல் நேரே பேக்கரிக்குள் நுழைந்தவள், கீழறைக் கதவை விரற்கடை அளவு திறந்து, மூக்கை நீட்டி, உடனே சாத்தினாள்.

“அடுப்பு எரியுதா?”

“எரியாம? அடுத்த ஈடு உள்ள வெந்துக்கிட்டிருக்கு,” என்றார் பேக்கரிக்காரர்.

“அணைங்க. வேகலைன்னாலும் பரவால்ல. கீழ என்ன கரண்டு ஓடுது?”

“ஒரு பல்பு. அப்புறம் தண்ணி எறைக்கிற மோட்டார்.”

“மோட்டாரை யாரு போடுவாங்க?”

“யாரும் போட வேணாம்மா. குழியில தண்ணி ஏறினா அதுவே தானா ஓடும். நல்ல கம்பெனி மோட்டார்,” என்றார் அவர் பெருமையாக.

“மெயின் எங்க? உள்ளயா வெளியவா?”

“வாசல்ல, மீட்டர் பெட்டியில.”

அவள் ஓடினாள். புடவை நுனி சேற்றில் புரள, மீட்டர் பெட்டியைத் திறந்து நெம்புகோலைக் கீழே இழுத்தாள். கடைக்குள் விளக்கெல்லாம் அணைந்தது. அவள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். பின்னாலேயே வந்த பேக்கரிக்காரரிடம் சொன்னாள்.

“பெட்ரோல் ஆவி காத்தைவிடக் கனம். மேல போகாது. கீழயே படுத்துக் கெடக்கும். அந்த மோட்டார் ஒரு தடவை பொறி விட்டிருந்தா, கடையை இந்தத் தெருவுல தேட வேண்டியதுதான்.”

“நான் காலையில அங்க இறங்கி மூட்டை தூக்கிட்டு வந்தேனேம்மா.” அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

தீயணைப்பு வண்டி வந்தது. அதிகாரி நல்ல உயரம், அதிகம் பேசாதவர். அவர் கையிலிருந்த, ஆவியை அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டிக் கீழறைக்குள் இறக்கியதும் அது வீல் வீலென்று கத்தியது. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து பெரிய குழாய் வைத்துக் காற்றைத் தள்ளினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களை இறக்கத்துக்கு அனுப்பினார்கள். மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு, வேடிக்கை பார்க்கவும் முடியாமல் போகவும் மனமில்லாமல் ஒரு கூட்டம் நின்றது. மீட்டர் அடங்கியபின் அக்கா முகமூடி போட்டுக்கொண்டு அதிகாரியோடு இறங்கி, குழி நீரின் மேல் மிதந்ததைக் கண்ணாடிப் புட்டியில் மொண்டு, மூடியை இறுக்கி எடுத்து வந்தாள். ஏறியவள் நேரே பங்க்குக்குப் போனாள்.

“பம்பையெல்லாம் நிறுத்து.”

“அக்கா…”

“நிறுத்துடா. உன் டேங்குல இருந்தும் ஒரு புட்டி எடுத்துக் குடு. ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாக்கணும்.”

பங்க்காரர் எடுத்துக் கொடுத்தார். அதிகாரி வாசலில் கயிறு கட்டினார். தெருவில் வந்து நின்ற வண்டிகள் கயிற்றைப் பார்த்து, ஒலி எழுப்பி, திரும்பிப் போயின.

பங்க்குக்கு மேலேதான் வீடு. மதியச் சாப்பாட்டை மேசையில் எடுத்து வைத்த தம்பி மனைவி யாரையும் கூப்பிடவில்லை. தட்டுகள் வைக்கும் சத்தத்திலேயே கூப்பிட்டாள். ஜன்னலோர நாற்காலியில் அப்பா. காது மந்தமாகி ரொம்ப நாளாயிற்று. வரும் வண்டிகளைப் பார்ப்பதுதான் அவருடைய பொழுது.

“ஏன்டா எல்லாம் திரும்பிப் போகுது? சரக்கு தீந்துடுச்சா?”

“இல்லப்பா. மூடியிருக்கோம்.”

“பங்க்கை மூடுறதாவது! நான் கல்யாணத்தன்னைக்கே மூடல.”

யாரும் சிரிக்கவில்லை. அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

“போன வருஷமே சொன்னேன். டேங்குக்கு வயசாகுது, மாத்துன்னு.”

“குழாயெல்லாம் மாத்தினேன்.”

“டேங்கு?”

“டேங்கை வர்ற வருஷம்னு நெனச்சேன். நாள் தவறாம கோல் விட்டு அளந்து பாக்குறேன். ஒரு சொட்டு குறையல.”

“கோல் எத்தனையோ பொய் சொல்லும். கொஞ்சங் கொஞ்சமாக் கசிஞ்சா கோலுக்குத் தெரியாது.”

“அப்போ நான் தெரிஞ்சே மறைச்சேன்னு சொல்றியா?”

“அப்படிச் சொன்னேனா?”

“சொல்லல. மூஞ்சி சொல்லுது.” பங்க்காரர் தட்டைத் தள்ளினார். “சின்ன வயசுல இருந்து இதே மூஞ்சிதான். நான் எதைக் குடுத்தாலும் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாப்ப.”

தம்பி மனைவி கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. டேங்குலதான் கோளாறுன்னு நீங்க எழுதிக் குடுத்தா, லைசென்ஸ் போயிடுமா?”

“போகலாம்.”

“வேற யாராவது பாத்துச் சொல்லட்டுமே. நீங்களேதான் சொல்லணுமா? சொந்தத் தம்பி.”

“சொந்தத் தம்பியா இருக்கறதாலதான்மா பயமா இருக்கு. கீழ அந்த மனுஷர் மாவு மூட்டை தூக்கறார். அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கு.” அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். “நான் மட்டும் என்ன, ஆசைப்பட்டா சொல்லப் போறேன்? என் கல்லூரிப் படிப்புக்கும் இந்தப் பங்க்தானே பணம் கட்டிச்சு.”

“யாருக்குப் பணம்?” என்று கேட்டார் அப்பா. அவர் காதில் சில சொற்கள் மட்டும் தவறாமல் விழும்.

“ஒண்ணுமில்ல மாமா, சாப்பிடுங்க,” என்றாள் மருமகள்.

சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் அக்கா ஆய்வகத்துக்குச் சீக்கிரமாகவே போய்விட்டாள். வெளிச் சரக்கை அங்கே சோதிப்பதற்கு அனுமதி வேண்டும். தலைமை வேதியியலாளரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

“உங்க தம்பி பங்க்கா? அப்போ கருவியில போடறது நீங்க, படிக்கிறது நான். அப்புறம் யாரும் நாக்கு மேல பல்லு போட்டுப் பேசக் கூடாது.”

“அதைத்தான் சார் நானும் கேக்க வந்தேன்.”

இரண்டு புட்டிகளையும் வெள்ளைத் தாளின் முன்னால் வைத்தாள். அப்போதுதான் முதல்முறையாகப் பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தாள். தம்பியின் புட்டி வெளுத்த மஞ்சள். பேக்கரிப் புட்டியில் மிதந்தது பழைய தேநீர் போலச் சிவப்போடி இருந்தது. துருவாக இருக்கும் என்று நினைத்தாள். வடிகட்டினாள். துரு தாளில் நின்றுகொண்டது; சிவப்பு கீழே இறங்கிவிட்டது.

பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. நூற்றுக்கணக்கான சரக்குகளின் கூட்டு. கருவி அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, காகிதத்தில் மலைமுகடுகள்போலக் கோடு போடும். லேசானவை முதலில் வரும், கனமானவை பின்னால். தம்பியின் பெட்ரோலுக்கு முகடுகள் ஆரம்பத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. புதுச் சரக்கு அப்படித்தான் வரும். பேக்கரிப் பெட்ரோலுக்குத் தொடக்கத்தில் ஏறக்குறைய வெற்றுக் கோடு. லேசானவை பெரும்பாலும் பறந்துபோன, என்றோ பிறந்த பெட்ரோல்.

தலைமை வேதியியலாளர் இரண்டு காகிதங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னலில் ஒட்டினாற்போலப் பிடித்தார். முகடு முகடாக விரலை ஓட்டினார்.

“இது அது இல்ல,” என்றார்.

“நிச்சயமாவா சார்?”

“பழசானா இப்படி ஆகும்னு நீங்க வாதாடலாம். அதனால இன்னொண்ணும் பாத்துடுங்க. ஈயம்.”

ஈயச் சோதனைக்கான கருவியை வழக்கமாக ஒரு சடங்குபோலத்தான் ஓட்டுவார்கள்; எப்போதும் இல்லை என்றே சொல்லும். அன்று பேக்கரிப் புட்டிக்கு அதன் எண் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. அக்கா தப்பாகக் கலந்துவிட்டோமோ என்று மறுபடி கலந்து போட்டாள். மறுபடியும் அதே ஏற்றம்.

“ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தி எத்தனை காலமாச்சு!” என்றார் அவர். “அதுக்குச் சிவப்புச் சாயம் போடுவாங்க. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல பாத்தது. உங்க தம்பி இதைக் கசியவிடணும்னா, அவர் ஸ்கூல்ல படிக்கும்போதே விட்டிருக்கணும்.”

அக்கா சிரித்தாள். சிரிப்பு என்று நினைத்துத்தான் ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவர் நாசூக்காக ஜன்னல்பக்கம் திரும்பி, மழையைப் பற்றி ஏதோ சொன்னார்.

தொலைபேசியில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நேரில் போனாள். பங்க்காரர் மூடிய பம்புகளுக்கு நடுவே, செய்ய வேலை இல்லாததால், ஏற்கனவே சுத்தமாயிருந்த தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“உன் டேங்கு இல்லடா.”

துடைப்பம் நின்றது.

“என்ன?”

“உன் டேங்கு இல்ல. உன் பெட்ரோலே இல்ல. ரொம்பப் பழசு. ஈயம் இருக்கு.”

பங்க்காரர் துடைப்பத்தோடு நடைமேடை விளிம்பில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பிறகு கையை எடுக்காமலேயே, “அப்போ அது யாரு பெட்ரோலு?” என்று கேட்டார்.

அதுதான் கேள்வி. ஆவி வந்துகொண்டுதானே இருக்கிறது? அந்தக் காலத்தில் இந்தத் தெருவில் பெட்ரோல் வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் மேல் ஜன்னலைப் பார்த்தார்கள். ஜன்னலிலிருந்து அப்பாவும் அவர்களைப் பார்த்து, எப்போது திறக்கப்போகிறாய் என்று கையால் கேட்டார்.

“அப்பா,” அக்கா அவர் காதருகே குனிந்து கத்தினாள். “இந்தப் பம்பெல்லாம் முன்னாடி எங்க இருந்துச்சு?”

“பின்னாடி. இப்போ வண்டி கழுவுறாங்களே, அங்க. ரோடு அகலமானப்புறம் முன்னாடி கொண்டுவந்தேன்.”

“அங்க இருந்த டேங்கை என்ன பண்ணுனீங்க?”

“மூடிட்டேன்.”

“காலி பண்ணிட்டா மூடுனீங்க?”

“பம்பு இழுக்கற வரைக்கும் இழுத்து வித்தேன். ஒரு சொட்டு விடல.”

அக்கா தம்பியைப் பார்த்தாள். இழுகுழாய் டேங்கின் அடிவரை போகாது. அடியில் எப்போதும் கொஞ்சம் தங்கும். பெரிய டேங்கில் அந்தக் கொஞ்சமே பீப்பாய்க் கணக்கு.

“மண்ணு போட்டு நெரப்பினீங்களா?”

“போட்டேனே! லாரி லாரியாப் போட்டேன்.”

“டேங்குக்குள்ளயா?”

அப்பா அவளை ஏதோ அசடு என்பதுபோலப் பார்த்தார். “மேல. உள்ள போடணும்னு யாரு சொன்னா? மூடிட்டா மூடினதுதானே?”

பங்க்காரர் தலையிலடித்துக்கொண்டார். தம்பி மனைவி சமையலறை வாசலில் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று அக்கா திரும்பிப் பார்த்தாள். அவள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தாள்.

தோண்டுவதற்கு ஆட்கள் வந்தபோது மழை சற்று விட்டிருந்தது. இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்று, மேல்மண்ணை மட்டும் மண்வெட்டியால் எடுத்துவிட்டு, மீதியை மரப்பலகையாலும் கையாலும் தள்ளினார்கள். தீயணைப்பு அதிகாரி மீட்டரோடு பக்கத்திலேயே நின்றார். கழுவுமேடைக்கு அடியில் பழைய டேங்கின் முதுகு தெரிந்தது. துருவேறி, படுத்திருக்கும் எருமைபோல. ஊற்றும் குழாயைத் தரைக்குக் கீழேயே வெட்டி, வாயில் ஒரு சாக்கை அடைத்திருந்தார்கள். சாக்கு இற்றுப்போயிருந்தது. நடந்தது என்னவென்று அக்கா அதிகாரிக்கு விளக்கினாள். டேங்கின் அடி துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கிறது. மழையில் நிலத்தடி நீர் ஏறவும், அது அந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்திருக்கிறது. பெட்ரோல் நீரில் மிதக்கும். நீர் ஏற ஏற அதுவும் ஏறி, கடைசியில் குழாய் வாய் வழியாக வழிந்து, சரிவில் இறங்கி, பேக்கரிக் குழியில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

“ஆக, மழைதான் இறைச்சு வெளிய ஊத்திருக்கு,” என்றார் அதிகாரி. அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுவே.

கழிவு லாரி வந்து டேங்கிலிருந்ததை உறிஞ்சியது. சேறு, நீர், சிவப்பாகக் கொஞ்சம் பெட்ரோல். பிறகு டேங்கைத் தூக்கி எடுத்தார்கள். நனைந்த மண்ணையும் அள்ளிக்கொண்டு போனார்கள். கீழறையைக் கழுவிக் காற்றோட்டினார்கள். மீட்டர் பல தடவை இறங்கி ஏறி, ஒரு தடவைகூடக் கத்தாமல் திரும்பியது. முன்பக்கத்து டேங்கையும் அழுத்தம் கொடுத்துச் சோதித்தார்கள், முள் அசையவில்லை. அதிகாரி கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார்.

பங்க்காரர் பேக்கரிக்காரரிடம் போய் நின்றார். “அண்ணே, எங்க பழைய டேங்குதான். கெட்ட மாவு, கடை அடைச்ச நஷ்டம் எல்லாம் நான் பாத்துக்கறேன்.”

பேக்கரிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “உங்கக்கா அன்னைக்கு மெயினை இறக்கலைன்னா, நீ என் சம்சாரத்துக்கிட்டதான் வந்து இதைச் சொல்லிக்கிட்டிருப்ப. போ, போய்ப் பங்க்கைத் தொற. என் வேன்ல சொட்டு பெட்ரோல் இல்ல, தள்ளிக்கிட்டு வந்து நிக்கிறேன்.”

“வர்ற வருஷம்னு இழுக்காம முன்பக்க டேங்கையும் இந்தக் கோடையிலயே மாத்திடறேன்ணே.”

“அதை உங்கக்காகிட்டச் சொல்லு. எனக்கு எதுக்கு?”

சாயங்காலம் அக்கா கிளம்பும்போது பங்க்காரர் குடையோடு பேருந்து நிறுத்தம்வரை கூட வந்தார். மழை இல்லை, ஆனாலும் குடையை விரித்துத்தான் வைத்திருந்தார்.

“அக்கா.”

“ம்.”

“நம்ம டேங்காவே இருந்திருந்தா?”

அக்கா அவரைப் பார்க்கவில்லை. “எழுதிக் குடுத்திருப்பேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா என்னைக் கூப்பிட்ட? தெரிஞ்சவங்க எத்தனை பேர் இருக்காங்க உனக்கு. சும்மா ரெண்டு வார்த்தை ஆறுதலாச் சொல்லிட்டுப் போறவங்க.”

“அந்தக் கதவைத் தொறந்ததுமே வாசம் மூஞ்சியில அடிச்சுது,” என்றார் பங்க்காரர். “நான்தான் பண்ணிட்டேன்னு நெனச்சேன். ஆறுதல் சொல்றவங்களைக் கூப்பிட்டா அவங்க சொல்றதை நானும் நம்பிடுவேன்னு பயமா இருந்துச்சு. அதான் உன்னைக் கூப்பிட்டேன்.”

பேருந்து வந்தது. அக்கா ஏறவில்லை. அது நின்று, பார்த்து, புகை விட்டுப் போனது.

“டீசல்ல ஏதோ கோளாறு,” என்றாள் அவள், புகையைப் பார்த்தபடி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“ஆமா, ரிஜெக்ட் பண்ணிடு,” என்றார் தம்பி.

அவள் அவர் கையிலிருந்த குடையைப் பிடுங்கி மடக்கி, அதனாலேயே முதுகில் ஒரு போடு போட்டாள். இருவரும் அடுத்த பேருந்து வரும்வரை அங்கேயே நின்றார்கள். அது வந்தபோதும் அவர்கள் பேசி முடித்திருக்கவில்லை.